பாட்டின் முதல் சொல்லை விழுங்குவது யார்? மைக்செட் முதல் வீட்டு ஸ்பீக்கர் வரை எளிய தீர்வுகள்!

மார்கழி பிறந்துவிட்டால், தஞ்சை வட்டாரக் கிராமங்களில் விடியலுக்கு முன்பே கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் இசைத்தட்டு, பிறகு கேசட், அதன் பிறகு சி.டி. இப்போது மைக்செட்காரரிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும் பென்டிரைவும்தான். ஆயிரம் பாட்டுகள் அதில் அடக்கம். கூடவே, கேசட் காலத்தில் இல்லாத ஒரு தொல்லையும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது, முதல் சொல் காணாமல் போகிறது. சில நேரம் 'டப்' என்று ஒரு சத்தம் வேறு!

ராகத்தின் முதல் பிடியைக் கேட்டதுமே தோடியா, பைரவியா என்று சொல்லிவிடும் ரசிகர்கள் நிறைந்த காவிரிக்கரை இது. அந்த முதல் பிடியே வெட்டுப்பட்டால் எப்படி இருக்கும்? பெரும்பாலும் பழி விழுவது ஸ்பீக்கர் மீதும் பென்டிரைவ் மீதும்தான். ஆனால், பல இடங்களில் காரணம் வேறு. அதன் பெயர் 'சாம்பிள் ரேட்'.

ஒரு நொடிக்கு எத்தனை புள்ளிகள்?

டிஜிட்டல் பதிவில் ஒலி, அலையாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து, எண்களாகச் சேமிக்கப்படுகிறது. அந்த எண்ணிக்கைதான் சாம்பிள் ரேட். 1982-ல் வந்த சி.டி-யில் இது நொடிக்கு 44,100. வீடியோ, தொலைக்காட்சி ஆகியவற்றில் 48,000.

அது என்ன 44,100 என்று ஒரு விநோத எண்? அன்றைக்கு டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு வீடியோ புலத்தில் 245 கோடுகள், கோட்டுக்கு 3 அளவுகள், நொடிக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். அந்தக் கணக்கு அப்படியே சி.டி-க்கும் வந்துவிட்டது.

இந்த எண்களை மீண்டும் ஒலியாக மாற்றும் கருவிக்கு 'டாக்' என்று பெயர். அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 44,100-க்கு ஒரு கடிகாரம், 48,000-க்கு இன்னொன்று என்று பல கருவிகளில் இரண்டு படிகங்கள் இருக்கும். பாட்டு மாறும்போது ரேட்டும் மாறினால், பழைய கடிகாரத்தை விட்டுவிட்டுப் புதியதற்கு மாற வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்காமல் இருக்க, கருவி தானாகவே வாயை மூடிக்கொள்ளும். பாட்டோ காத்திருப்பதில்லை. அதனால்தான் முதல் சொல் போய்விடுகிறது. ஹெச்.டி.எம்.ஐ வழியாக டி.வி-க்கோ ஹோம் தியேட்டருக்கோ இணைத்திருந்தால், இந்த மௌனம் இன்னும் நீளலாம்.

பஞ்சரத்னத்தை வைத்து ஒரு சோதனை

திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பாடப்படும் பஞ்சரத்ன கிருதிகள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசையில் வரும். உங்களிடம் நாட்டையும் கௌளையும் சி.டி-யிலிருந்து எடுத்தவை, ஆரபி மட்டும் டி.வி ஒளிபரப்பிலிருந்து எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். நாட்டை முடிந்து கௌளை தொடங்கும்போது வெட்டு இல்லை. கௌளை முடிந்து ஆரபி தொடங்கும்போது மட்டும் வெட்டு விழுகிறது என்றால், குற்றவாளி சாம்பிள் ரேட்தான்.

வி.எல்.சி பிளேயரில் 'டூல்ஸ்' பகுதிக்குப் போய், 'கோடெக் இன்ஃபர்மேஷன்' திறந்தால் ஒவ்வொரு பாட்டின் ரேட்டும் தெரியும்.

பாட்டின் நடுவில் விட்டு விட்டுக் கேட்கிறதா? அது வேறு நோய். யு.எஸ்.பி கேபிள், மெதுவான பென்டிரைவ், லேப்டாப்பின் மின்சேமிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் நெடிய அமைதிக்குப் பிறகு மட்டும் முதல் சொல் போகிறதென்றால், ஸ்பீக்கர் தூங்கிப்போயிருக்கலாம்.

சரிசெய்வது எப்படி?

* விண்டோஸ் லேப்டாப்: வழக்கமான நிலையில் விண்டோஸ் எல்லாப் பாட்டையும் ஒரே ரேட்டுக்கு மாற்றித்தான் அனுப்பும். பிளேயரில் 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' போட்டிருந்தால்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் கடிகாரம் மாறும். அதை அணைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். சவுண்ட் அமைப்பில், ஸ்பீக்கரின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் எந்த ரேட் வேண்டும் என்று தேர்வு செய்யலாம்.

* ஆப்பிள் மேக்: 'ஆடியோ மிடி செட்டப்' என்ற செயலியில் ரேட்டைப் பார்க்கலாம், மாற்றலாம்.

* ஆண்ட்ராய்டு போன்: பெரும்பாலான போன்கள் எல்லா ஒலியையும் உள்ளேயே 48,000-க்கு மாற்றிவிடும். அதே பாட்டுகள் போனில் ஒழுங்காக ஒலித்தால், பாட்டில் குறை இல்லை என்று உறுதியாகிவிடும்.

* மைக்செட்காரர்களுக்கு: பென்டிரைவில் போடும் பாட்டுகளை முன்கூட்டியே ஒரே ரேட்டுக்கு மாற்றிவிடுவதே நிம்மதி. 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, 'எக்ஸ்போர்ட்' செய்யும்போது 44,100 என்று கொடுத்தால் போதும். மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். 44,100 ரேட்டில் 22,050 ஹெர்ட்ஸ் வரை பதியலாம் என்பதால், காதுக்கு நஷ்டம் இல்லை.

* அவசரத்துக்கு: தனிப் பாட்டு என்றால், தொடக்கத்தில் ஓரிரு நொடி மௌனத்தைச் சேர்த்துவிடலாம். கருவி மௌனத்தை விழுங்கும், சொல் தப்பிக்கும். ஆனால் ராகம், தானம், பல்லவி என்று தொடர்ச்சியாக வரும் கச்சேரிக்கு இது ஒத்துவராது. நடுவில் ஓட்டை விழும்.

சுருதி ஏறினால் உஷார்!

மாற்றும்போது ஒரு ஆபத்தும் உண்டு. 44,100-ல் பதிந்ததை முறையாக மாற்றாமல், '48,000' என்று பெயரை மட்டும் மாற்றி ஓட்டினால் பாட்டு வேகமாக ஓடும். 30 நிமிட ஆலாபனை இருபத்தேழரை நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். 2 கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட 2¾ கட்டையில் பாடியதுபோலக் கேட்கும். மாற்றி முடித்ததும் பழைய பதிவின் நீளத்தையும் புதியதன் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூலத்தில் கை வைக்காதீர்கள்

கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் பல இசைக் குடும்பங்களின் பீரோக்களில், கடைகளில் கிடைக்காத நாகஸ்வரக் கேசட்டுகள் இருக்கின்றன. சுவாமி புறப்பாட்டில் தாத்தா வாசித்த மல்லாரி, கல்யாணத்தில் பெரியப்பா அடித்த தவில் என்று, வேறு பிரதியே இல்லாத பதிவுகள் அவை. கேசட் நாடாவின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும்.

இவற்றை டிஜிட்டலாக்கும்போது, தொடக்கம் முதலே ஒரே ரேட்டில், 'வேவ்' அல்லது 'ஃப்ளாக்' கோப்பாகச் சேமியுங்கள். சி.டி தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு, வேவ் கோப்பாக 635 எம்.பி வரும். இன்றைக்கு அது பெரிய அளவே இல்லை. எம்.பி3-யாக மாற்றுவது, ரேட்டை மாற்றுவது, மௌனம் சேர்ப்பது எல்லாம் நகலில் மட்டும் நடக்கட்டும். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் பத்திரமாக வைத்துவிடுங்கள். ஸ்பீக்கரும் லேப்டாப்பும் மாறலாம், நாளைக்கு வேறு ரேட்டும் வரலாம். மூலம் பத்திரமாக இருந்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் புது நகல் எடுத்துக்கொள்ளலாம்.