நான்கு சுரங்கள், மூன்று பெயர்கள்: கிட்டாரில் ஒரு சாய்கோட்டின் வேலை

மாணவர்களே, பாடல்களுக்கான கிட்டார் கார்ட்களைத் தேடும்போது 'டி மைனர்/பி' என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டை 'அல்லது' என்று எடுத்துக்கொண்டு, வெறும் டி மைனரை வாசித்துவிட்டுப் போகிறவர்கள் பலர். பாடலின் உணர்வு அங்கேதான் நழுவுகிறது.

கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது கார்ட். வலப்பக்கம் இருப்பது அடியில் ஒலிக்க வேண்டிய பேஸ் சுரம். இதுதான் ஸ்லாஷ் கார்ட்.

டி மைனரில் டி, எஃப், ஏ என 3 சுரங்கள் உள்ளன. அடியில் பி சேர்ந்தால் பி, டி, எஃப், ஏ. இதுவே பி ஹாஃப் டிமினிஷ்ட். 'பி மைனர் 7 ஃபிளாட் 5' என்றும் எழுதுவார்கள்.

வாசிப்பது எப்படி?

நடுவிரல் 5ஆம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில். மோதிர விரல் 3ஆம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில். சுண்டுவிரல் 2ஆம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில். ஆள்காட்டி விரல் முதல் தந்தியின் முதல் ஃபிரெட்டில். 4ஆம் தந்தியை அழுத்த வேண்டாம். 6ஆம் தந்தியை மீட்டக்கூடாது. அடுத்து ஈ 7, பிறகு ஏ மைனர் வாசியுங்கள். ஏக்கத்தோடு தொங்கி நின்ற ஒலி வீடு வந்து சேர்வதைக் கேட்கலாம்.

ஏன் இந்த ஏக்கம்?

கர்நாடக இசை கற்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சி-யை 'ச' என்று வைத்தால், கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் சங்கராபரணம். அதில் நி, ரி, ம, த ஆகியவையே நம் நான்கு சுரங்கள். அந்த 'நி'யைப் புதிய 'ச'வாக வைத்து கிரகபேதம் செய்தால் மேளகர்த்தா ராகம் கிடைக்காது. காரணம், பஞ்சமம் வர வேண்டிய இடத்தில் சுரம் இல்லை. அதற்கு அரைச் சுரம் கீழே எஃப் நிற்கிறது. அதுதான் 'ஃபிளாட் 5'.

ராகம் நிற்க முடியாத அந்த இடத்தில் கார்ட் நிற்கிறது. 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் 'டிரிஸ்டானும் இசோல்டேயும்' இசை நாடகத்தின் புகழ்பெற்ற தொடக்கக் கார்ட்டும், தனியாகக் கேட்டால், இதே வகை ஒலிதான்.

பேஸ் மாறினால் பெயர் மாறும்

இதே நான்கு சுரங்களுக்கு அடியில் டி ஒலித்தால் அது டி மைனர் 6. பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் ஜி-யை வாசித்தால் ஜி 9. உங்கள் விரல்கள் அசையவே இல்லை. ஆனால் கார்ட் மாறிவிட்டது.

கிரேடு தேர்வுக்குத் தயாராகும் ஜொகூர் மாணவர்களானாலும், பள்ளி விழாவுக்குப் பயிற்சி செய்யும் இசைக் குழுவானாலும், விரல் வடிவத்தோடு சுரங்களின் பெயரையும் சொல்லிப் பழகுங்கள். அடுத்த முறை சாய்கோட்டைக் கண்டால், முதலில் அதன் வலப்பக்கத்தைப் பாருங்கள்.