மின்சாரக் கார் வீதிக்குக் காசு கட்டுகிறதா?

மாதக் கடைசி நாள் பொழுதுபட்டால் பல்லேகல, திகன பக்கத்துப் பெற்றோல் செட்டுகளில் முச்சக்கர வண்டிகள் வரிசை கட்டும். நள்ளிரவோடு விலை மாறிவிடும். கூடுமா, குறையுமா என்று கேட்டு வழக்கமாக வரும் கடிதங்களுக்கு நடுவே இம்முறை வேறொரு கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நாங்கள் லீற்றருக்கு லீற்றர் வரி கட்ட, பக்கத்து வீட்டுக்காரர் கூரைச் சூரியப் படலிலிருந்து காருக்கு மின்சாரம் ஏற்றுகிறார். மஹியங்கனை வீதியைச் செப்பனிடும் காசு எங்களுடையது மட்டும்தானா? மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்: காரை இறக்கும்போதே கட்டித் தொலைத்தோம், இனி என்ன?

இரு தரப்பும் ஒன்றை நம்பித்தான் சண்டை போடுகின்றன: எரிபொருள் வரி வீதிக்குப் போகிறது என்று. பெரும்பாலும் போவதில்லை. அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி, சட்டத்தால் தனியே ஒதுக்கப்படாத வரிப்பணம் எல்லாம் திரட்டு நிதியத்துக்குத்தான் போகும். அங்கிருந்து அது ஆசிரியர் சம்பளமாகலாம், கடன் வட்டியாகலாம், தாராகவும் ஆகலாம். 2000களின் நடுப்பகுதியில் வீதிப் பராமரிப்பு நம்பிக்கை நிதியம் என்று ஒன்றை அமைத்து, எரிபொருளிலிருந்து ஒரு சிறு தொகையை அதற்கென்று விட்டார்கள். மொத்த வரியோடு ஒப்பிட்டால் அது சில்லறை. மறுபக்கம், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க லீற்றருக்கு 50 ரூபா எடுப்பதாக 2025இல் அரசாங்கமே சொன்னது. ஆகவே ‘வீதி வரி’ என்று யாராவது மேடையில் சொன்னால், எந்தக் கணக்கில், எத்தனை ரூபா என்று கேளுங்கள்.

அப்படியானால் மின்சாரக் காரால் இழப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வீதிக்கணக்கில் அல்ல, திறைசேரியின் பொதுக்கணக்கில் விழுகிறது. எப்படியென்று பார்க்க, லீற்றருக்கு 100 ரூபா வரி என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 115 கிலோமீற்றர். லீற்றருக்குப் 10 கிலோமீற்றர் ஓடும் பழைய கார் ஒரு வழிப் பயணத்தில் 1,150 ரூபா வரி கட்டும். 20 ஓடும் ஹைபிரிட் 575 ரூபா. மின்சாரக் கார் செட்டில் ஒரு சதமும் கட்டாது. மூன்றும் ஏறி இறங்கியது அதே கடுகண்ணாவைதான். கவனித்தால், முதல் அடியைப் போட்டது மின்சாரக் கார் அல்ல, ஹைபிரிட். 660 சீசீ வெகன் ஆர் கண்டித் தெருக்களை நிறைத்தபோது லீற்றர் வரி சத்தமில்லாமல் பாதியாகத் தொடங்கிவிட்டது. அப்போது யாரும் கடிதம் எழுதவில்லை.

லீற்றர் வரியில் ஒரு கெட்டித்தனம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில இறக்குமதியாளர்களிடம், துறைமுகத்திலேயே அறவிட்டு முடித்துவிடலாம். ஏய்க்க வழி குறைவு. கூட ஓடுபவர் கூடக் கட்டுவார், பாரம் ஏற்றுபவர் இன்னும் கூடக் கட்டுவார். விண்ணப்பப் படிவம் இல்லை, பரிசோதகர் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் நாடு செய்த மாற்றம் எனக்கு உறுத்துகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தபோது, மின்சாரக் காருக்கான உற்பத்தி வரியை மோட்டாரின் கிலோவொற் கணக்கில் வைத்தார்கள். அதன்மேல் சுங்கவரி, 18 சதவீத வற், விலை கூடிய வாகனமாக இருந்தால் சொகுசு வரியும். எல்லாம் துறைமுகத்தில், ஒரே தடவையில். மின்சாரக் கார்க்காரர் சொல்வது சரிதான்: அவர் கட்டியிருக்கிறார். ஆனால் எதற்குக் கட்டினார்? வாங்கியதற்கு. ஓடுவதற்கு அல்ல. கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் காரை எடுக்கும் ஓய்வுபெற்ற அதிபரும், தினமும் கொழும்புக்கு வாடகை ஓடுபவரும் ஒரே காரை வாங்கினால் ஒரே வரிதான்.

திறைசேரிக்கு இது இனிக்கும். பத்து வருடப் பெற்றோல் வரிக்கு ஈடானதை முதல் நாளே எண்ணி எடுத்துவிடலாம். கண்டி வீதிக்கோ கான் வெட்டுவதும் புல் வெட்டுவதும் வருடா வருடம் வரும் செலவு. டொலர் தட்டுப்பாடு வந்து இறக்குமதியை மூடினால் இந்த வரவு அன்றே நின்றுவிடும், உள்ளே வந்த கார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து வருடம் கதவு மூடிக் கிடந்ததை நாம் பார்த்தோமே. விதை நெல்லைச் சமைத்து ஒருநாள் விருந்து வைப்பது போன்ற கணக்கு இது.

கிலோவொற் கணக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2025 நடுப்பகுதியில் சீனத் தயாரிப்பு மின்சாரக் கார்களைச் சுங்கம் தடுத்து வைத்தது. மோட்டார் 100 கிலோவொற்றா, 150 கிலோவொற்றா என்பதுதான் வழக்கு. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. பெற்றோலை அளக்க ஒரு குழாய் மீற்றர் போதும். மோட்டாரின் பலத்தை அளக்க நிபுணர் குழு வேண்டியிருக்கிறது.

சரி, வீதியை உடைப்பது யார்? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வீதி அமைத்து, லொறிகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் 10 தொன் அச்சு ஒன்று, ஒரு தொன் அச்சைவிடப் பத்தாயிரம் மடங்கு சேதம் செய்யும். பற்றரியால் கார் இருநூறு, முந்நூறு கிலோ கூடுவது இதற்கு முன் தூசு. பல்லேகலச் சந்தியில் கருங்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று பிரேக் பிடிக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். காபெட் அலை அலையாகத் தள்ளுண்டு, சக்கரம் போகும் தடம் பள்ளமாகியிருக்கும். அந்த டிப்பர் குடிக்கும் டீசலுக்கோ நீண்டகாலமாகப் பெற்றோலைவிடக் குறைந்த வரிதான். பஸ் கட்டணமும் மரக்கறி விலையும் ஏறிவிடும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். காரணம் பொய்யல்ல. ஆனால் அந்தச் சலுகையை அனுபவித்துக்கொண்டே மின்சாரக் காரைக் கை காட்டுவது நியாயமில்லை.

மலைநாட்டில் இன்னொரு எதிரி தண்ணீர். கான் அடைபட்டால் இரண்டு மழையில் வீதியின் ஓரம் கரையும், மூன்றாவதில் சரியும். 2025 நவம்பரின் ‘டித்வா’ புயலுக்குப் பின் கண்டி மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடு முழுவதுக்குமான நேரடிச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என்று மதிப்பிட்டது. வரியைப் பெற்றோலில் பிடிப்பதா, பற்றரியில் பிடிப்பதா என்ற விவாதத்தால் இந்த இழப்பை நிரப்ப முடியாது.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? நியூசிலாந்து டீசல் வாகனங்களிடம் 1970களின் இறுதியிலிருந்தே ஓடும் தூரத்துக்குக் காசு வாங்குகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் மின்சாரக் கார்களும் அதில் சேர்ந்தன: 1,000 கிலோமீற்றருக்கு 76 நியூசிலாந்து டொலர், முன்கூட்டியே கட்டவேண்டும். பிரித்தானியா 2028 ஏப்ரலிலிருந்து மைலுக்கு 3 பென்ஸ் என்று அறிவித்திருக்கிறது. நியாயமான முறைதான். இங்கே கொண்டுவந்தால் முதலில் மாட்டுவது மீற்றர். யப்பானில் ஒரு இலட்சம் ஓடிய கார் கொழும்புக்கு வருவதற்குள் நாற்பதாயிரமாக இளைத்துவிடும் வித்தை நம்மவர்களுக்குப் புதிதல்ல.

எல்லா மின்சாரக் காருக்கும் வருடத்துக்கு ஒரே தொகை என்பது இலகுவான வழி. தலைக்கு ஒரே அளவு என்று வீதிக்குக் காசு கேட்ட அனுபவம் கண்டிக்கு உண்டு. 1848இன் வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. அந்த வருடமே மாத்தளையில் கலகம் வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வீதியை அதிகம் பாவித்த கோப்பித் தோட்டத் துரையும் அதே மூன்று சிலிங்தான்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பெற்றோல் விலை குறைந்தால் வரியும் குறையுமா? வற் குறையும், லீற்றருக்கு இத்தனை ரூபா என்ற உற்பத்தி வரி குறையாது.

காபன் வரி இன்னும் இருக்கிறதா? இல்லை, 2019இல் வந்தது, ஆட்சி மாறியதும் போய்விட்டது.

கூரை மின்சாரத்துக்கு வீதி வரி போடலாமா? காருக்குப் போன மின்சாரத்தையும் சோற்றுப்பானைக்குப் போனதையும் பிரிக்கும் மீற்றரை யாராவது வீடு வீடாகப் பூட்டினால் போடலாம்.

மாகாண சபை தானாகக் கிலோமீற்றர் வரி போட முடியுமா? 13ஆவது திருத்தம் அதற்குத் தருவது பாராளுமன்றம் வகுத்த எல்லைக்குள் வாகன அனுமதிக் கட்டணம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தானாகப் போட்ட கிலோமீற்றர் வரியை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாதென்றது.

வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரக் காசு எங்கே போகிறது? மத்திய மாகாண சபைக்கு. அதன் கட்டடத் தொகுதி பல்லேகலவில்தான் இருக்கிறது. கண்டி - மஹியங்கனை ஏ26 வீதியோ மாகாணத்துடையது அல்ல, பத்தரமுல்லையிலுள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது.