வைத்தியரின் வாயை மூடினால் கணக்கு எப்படித் தெரியும்?

கொரோனா காலத்தில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுக்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றதை நாம் மறக்கவில்லை. "இது வெறும் தடிமன் காய்ச்சல், கணக்கைப் பெருப்பித்துக் காட்டுகிறார்கள்" என்றது ஒரு கட்சி. "செத்தவர்களை மறைக்கிறார்கள்" என்றது மற்றது. யார் சொன்னது சரி?

முதலில் வுகான் நகருக்குப் போவோம். 2019 டிசம்பர் 30 அன்று லி வென்லியாங் என்ற கண் வைத்தியர், சார்ஸ் போன்ற நோயுடன் 7 பேர் வந்திருப்பதாகத் தன்னுடன் படித்த வைத்தியர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஜனவரி 3 அன்று பொலிசார் அவரை அழைத்து, பொய்த்தகவல் பரப்பியதாகக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். நோய் மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதைச் சீனா ஜனவரி 20 அன்றுதான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. பெப்ரவரி 7 அன்று லி அதே நோயால் இறந்தார். மார்ச்சில் பொலிசார் கண்டனத்தை மீளப்பெற்று, குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டனர்.

லி சொன்னது முற்றிலும் சரியல்ல. அது சார்ஸ் அல்ல, அதற்கு நெருங்கிய புதிய வைரஸ். ஆனால் அந்த 'வதந்தியை' மக்கள் அன்றே நம்பி முகக்கவசம் அணிந்திருந்தால் நன்மையாக இருந்திருக்கும் என்று சீன உச்ச நீதிமன்றமே ஜனவரி 28 அன்று வெளியிட்ட கட்டுரை சொன்னது. எச்சரிப்பவர் நூறு வீதம் சரியாக இருக்கவேண்டியதில்லை. அவரைப் பேசவிட்டால் பிழையை மற்றவர்கள் திருத்துவார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். பரிசோதனை செய்யாமல் வீட்டில் இறந்தவர் கொரோனாப் பட்டியலில் வரமாட்டார். 2020 ஏப்ரலில் வுகான் நகரமே தன் கணக்கில் விடுபட்ட 1,290 மரணங்களைச் சேர்த்தது. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழியில் எண்ணுகிறார்கள். முந்தைய ஆண்டுகளைப் பார்த்து, வழமையாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணிப்பார்கள். உண்மையில் இறந்தவர்களின் தொகையிலிருந்து அதைக் கழித்தால் வருவதே மிகை மரணம். வைத்தியசாலையில் இடமில்லாமல் வேறு நோயால் இறந்தவர்களும் இதற்குள் வருவார்கள்.

2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் நாடுகள் அறிவித்த கொரோனா மரணங்கள் ஏறத்தாழ 54 இலட்சம். உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட மிகை மரணங்களோ ஏறத்தாழ 149 இலட்சம். இந்தியாவுக்கு மட்டும் அது 47 இலட்சம் என மதிப்பிட்டது. கணக்கிட்ட முறை பிழை என்று இந்திய அரசு அதை ஏற்கவில்லை. மரணப் பதிவு முழுமையாக இல்லாத நாடுகளில் இது மதிப்பீடுதான். ஆனாலும் 'வெறும் தடிமன்' என்ற கட்சிக்கு இந்த எண்களில் இடமில்லை.

எண்ணிக்கையை மறுப்பது எமக்குப் புதிதல்ல. 2009இல் வன்னியிலிருந்து உயிரிழப்புகளை உலகுக்குச் சொன்ன அரச வைத்தியர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். யூலையில் கொழும்பில் ஊடகங்கள் முன் நிறுத்தப்பட்டபோது, தாம் சொன்னவை மிகை என்றனர். அப்போதும் அவர்கள் தடுப்புக்காவலில்தான் இருந்தார்கள்.

அதற்காக, அரசு மறுக்கும் எல்லாமே உண்மை என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்தமுறை வட்ஸ்அப்பில் ஓர் எண் வந்தால் இரண்டு கேள்விகள் கேட்போம்: இதை எப்படி எண்ணினார்கள்? எண்ணியவர் பயமில்லாமல் பேசக்கூடிய இடத்தில் இருக்கிறாரா?