ஏலத் தோட்ட வேலைக்கேற்ற காலணி

போடிநாயக்கனூர்த் தாலுகாவில் மலையடிவாரத்தை ஒட்டியுள்ள கிராமங்களுள் ராசிங்காபுரமும் ஒன்று. இப்பக்கத்து ஊர்களில் நிலமுடைய குடியானவர்களுள் சிலருக்குக் கீழே புன்செய்யும் தோப்பும் இருப்பதோடு, மேலே மலையில் ஏலத் தோட்டமும் உண்டு. அத்தோட்டங்களில் வேலை செய்யும் ஆட்களில் ஒரு பகுதியினர் இவ்வடிவாரக் கிராமங்களிலிருந்தே செல்லுகின்றனர். விடியுமுன் ஜீப்பு வண்டிகளில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சென்று, மாலையில் இருட்டும் தறுவாயில் வீடு திரும்புகின்றனர். அவர்கள் கையில் உள்ள தூக்குச் சட்டியையும் தலையிற் கட்டிய துணியையும் பார்ப்பவர் பலர். காலைப் பார்ப்பவர் சிலரே. ரப்பர்ச் செருப்புடன் மலையேறுவோரில் பலர், தோட்டத்தில் அது வழுக்குமென்று கழற்றி ஓரிடத்தில் வைத்துவிட்டு வெறுங்காலுடன் வேலைக்கு இறங்குவர். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அணிவோரும் உளர். இவ்விரண்டிலும் குறையுண்டு. மம்பட்டி, அரிவாள், தெளிப்பான் முதலியவற்றைப் பார்த்துப் பார்த்து வாங்கும் தோட்டக்காரர்கள், காலணியையும் சாகுபடிக் கருவிகளுள் ஒன்றாகக் கொண்டு ஆராய்வது அவர்களுக்கே அனுகூலமானது.

ஏலச் செடியின் இயல்பை முதலிற் கருத வேண்டும். காய்கள் மரத்தில் தொங்குவன போல் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதில்லை. தூரின் அடியிலிருந்து புறப்படும் சரங்கள் பெரும்பாலும் தரையை ஒட்டியே படர்கின்றன. காய் பறிப்பவர், அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள், நாள் முழுதும் தூரடியில் குனிந்தும் குந்தியும் நகர வேண்டியிருக்கிறது. ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரையில், ஒரே தோட்டத்தில் மாதம் ஒன்று அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை பறிப்பு நடப்பதால், ஒரே தூரடியை ஓராண்டில் பல தடவை கால்கள் மிதிக்கின்றன. செடியின் வேர்களோ ஆழச் செல்வன அல்ல; மேல் மண்ணிலேயே பரவி நிற்பவை. கனத்த அடித்தோலுடைய பூட்ஸை அணிந்தவருக்குத் தாம் மிதிப்பது சருகா, சரமா என்பது தெரிவதில்லை. வெறுங்காலுடன் பறிப்பவர் சரத்தைக் காலாலேயே உணர்ந்து விலகிக்கொள்வார். வெறுங்காலே நல்லதென்று பழைய கங்காணிகள் சொல்லிவந்ததில் இந்த அளவு உண்மை உண்டு. ஆயினும் அதற்காக வேலையாள் கொடுக்கும் விலை சிறிதன்று.

நிழல், ஈரம், மட்கிய சருகு, மிதமான சூடு ஆகிய இந்நான்கும் ஏலத்துக்கு எவ்வளவு வேண்டியனவோ, கொக்கிப் புழுவின் குஞ்சுகளுக்கும் அவ்வளவு வேண்டியன. இப்புழுவால் பீடிக்கப்பட்ட ஒருவர் தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் மலங்கழித்தால், அதிலுள்ள முட்டைகள் பொரித்து, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களாகி, மேல் மண்ணில் காத்திருக்கின்றன. வெறுங்கால் அதன்மேற் பட்டதும், விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உட்சென்று, இரத்தத்தின் வழியாக நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, இறுதியிற் குடலின் சுவரைக் கவ்விக்கொள்கின்றன. இப்புழு தோலின் வழியாகவே உடலில் நுழையக்கூடும் என்பதை முதன்முதல் உணர்ந்தவர் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி. 1898-ஆம் ஆண்டளவில் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, நுண்புழுக்கள் அடங்கிய நீர் தவறுதலாக அவரது கையிற் சிந்தியது. கை அரித்தது, சில வாரங்களுக்குப் பின் அவரது மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. அதன்பின் இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் 1916-ஆம் ஆண்டளவிலும், சென்னை மாகாணத்தில் 1920-க்குப் பின்னரும் இந்நோய் ஒழிப்பு வேலையை மேற்கொண்டனர்.

தென்னாட்டில் மிகுதியாகக் காணப்படும் நெக்கேட்டர் என்ற வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் சுமார் 0.03 மில்லி லிட்டரே. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் 100 புழுக்கள் குடலில் இருக்குமாயின் நாளைக்கு 3 மில்லி லிட்டர், மாதத்திற்கு 90 மில்லி லிட்டர் இரத்தம் வீணாகிறது. புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்வன. ஏற்கெனவே இரத்தக்குறைவுள்ள பெண் ஒருவர் இந்நிலையில் மலைச்சரிவில் ஏறும்போது மூச்சுத் திணறி நின்றால், அதைச் சோம்பல் என்று கணக்கிடும் மேற்பார்வையாளர் இன்னும் இருக்கின்றனர். ஆல்பெண்டசோல் மாத்திரை புழுவை வெளியேற்றும். ஆனால் மாத்திரை தின்ற மறுநாளே அதே மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு நோய் திரும்பவும் வருவதைத் தடுக்க அதனால் இயலாது. காலணியும், தோட்டத்தில் ஆட்களுக்கென்று கட்டப்பட்ட கக்கூசும் சேர்ந்தே இதற்குப் பரிகாரம். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுவது பாதி வேலி கட்டுவதை ஒக்கும்.

அட்டைக் கடியைப் பற்றி மலைக்குப் போய்வருவோருக்கு விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. கடிக்கும்போது வலியில்லை, இரத்தம் உறையாதபடி அது செலுத்தும் நீரினால் விழுந்த பின்னரும் ஒழுக்கு நிற்பதில்லை. உப்பும் புகையிலையும் பூசிக்கொள்வது மழையில் ஒரு நாழிகைகூட நிற்பதில்லை. சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, ஈரமண்ணில் மீண்டும் நிற்பதே இதிலுள்ள பெருந் தீங்கு. எலிக்காய்ச்சலின் கிருமியும் இத்தகைய புண்களின் வழியாக உட்புகக்கூடியது.

இவற்றினும் கொடியது பாம்பு. அடிவாரத்தில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டென்பது தெரிந்ததே. மலைத் தோட்டங்களில் சருகுக்கிடையே கிடக்கும் சிறிய குழிவிரியன்களைப் பற்றியே பலரும் அறியார். இவற்றுள் கூம்பு மூக்குக் குழிவிரியன் என்பது ஒரு முழ நீளமே இருக்கும், சருகின் நிறத்தது. நமது நாட்டில் தயாரிக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு மாத்திரமே செய்யப்படுவது. இக்குழிவிரியனின் விஷத்தை அது முறிப்பதில்லை. கடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு விரைந்து கொண்டுபோவது எப்பொழுதும் அவசியமே. எனினும், நேரான மாற்று மருந்தில்லாத விஷத்துக்குக் கடி படாமல் இருப்பதே சிறந்த காப்பு. பாம்புக்கடியிற் பெரும்பாலானவை பாதத்திலும் கணைக்காலிலுமே நிகழ்வதால், கணுக்காலுக்குமேல் நான்கு விரற்கடையாவது மூடிய காலணி வேண்டியதாயிருக்கிறது.

அப்படியானால் முழங்காலளவு ரப்பர் பூட்ஸே போதுமே என்று கேட்கலாம். அவ்வகைப் பூட்ஸ் 1853-ஆம் ஆண்டில் ஹைரம் ஹட்சின்சன் என்பவர் பிரான்சு தேசத்தில் நிறுவிய தொழிற்சாலையில், வயலில் மரக்கட்டைச் செருப்புடன் உழைத்த குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கப்பட்டது. குளிர்நாட்டுச் சமவெளிச் சேற்றுக்கு அது பொருத்தமானதே. ஏல மலையின் சரிவிலோ நிலைமை வேறு. வியர்வை வெளியேற வழியில்லை. மேலிருந்து மழைநீர் புகுந்தால் இறங்கவும் வழியில்லை. குந்தி உட்காரும்போது அதன் மேல்வாய் கெண்டைக் காலை அறுக்கும். இவற்றினும் பெரிய குறை கனமே. சாதாரண ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருக்கும். லேசான கான்வாஸ் பூட்ஸ் அதில் ஏறக்குறைய பாதியே. காலொன்றுக்கு 400 கிராம் மிகுதியென்று வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 10,000 அடி எடுத்துவைப்பவருக்குக் கணக்கிட்டால், அவர் 4,000 கிலோவை வீணாகத் தூக்கி வைக்கிறார் என்றாகிறது. காலில் ஏற்றிய சுமை உடலில் ஏற்றிய சுமையைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு உழைப்பை வாங்குகிறதென்று, அமெரிக்க ராணுவத்தாருக்காக ஆராய்ந்த சோல், கோல்ட்மன் என்னும் இருவர் 1969-ல் கண்டனர். ஆகையால் தோட்டக்காரர் வாங்கிக் கொடுத்த பூட்ஸை ஆட்கள் பத்து மணிக்கெல்லாம் கழற்றி மரத்தடியில் வைத்துவிடுவது அவர்களுடைய அறியாமையினால் அன்று.

நெடுநேரம் காலணியைக் கழற்றாமல் இருக்க வேண்டிய மற்றொரு தொழில் ராணுவம். ஈரக்காடுகளிற் போரிடுவதற்கென்று 1942-ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஏற்றுக்கொண்ட காட்டுப் பூட்ஸின் தத்துவம் நமது மலைக்கு மிகவும் பொருந்துவது. தோலை நீக்கி, ரப்பர் அடியும் கான்வாஸ் மேலுறையும் வைத்து அது செய்யப்பட்டது. நீரை உள்ளே விடாமல் தடுப்பது முடியாத காரியமென்று ஒப்புக்கொண்டு, புகுந்த நீர் விரைவில் வெளியேறவும், மேலுறை விரைவில் உலரவும் வழிசெய்தனர். பிற்காலத்தில் வந்தவற்றில் பாதத்தின் உட்பக்கத்தில் வலையிட்ட சிறு துவாரங்களும் வைக்கப்பட்டன. இப்பொழுது காவற்படையினரும் வனக் காவலரும் விரும்பும் லேசான பூட்ஸ் வகைகள் இந்த வழியில் இன்னும் ஒரு படி சென்றிருக்கின்றன. குதிகால் உயர்வின்றி, அடி மெல்லியதாய், மடக்கினால் மடங்குவதாய், விரல்களுக்கு அகன்ற இடமுள்ளதாய் அவை அமைகின்றன. சரத்தைக் காலால் உணரவேண்டிய ஏல வேலைக்கு இம்மெல்லிய அடியே ஏற்றது.

அகலத்தைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சிறுவயது முதல் வெறுங்காலுடன் நடந்தவர்களின் பாதம், காலணி அணிந்து வளர்ந்தவர்களின் பாதத்தைவிட அகன்றது என்றும், உடலின் பாரத்தை அது அடி முழுதும் ஒரே சீராகத் தாங்குகிறது என்றும், தென்னிந்தியரிடையே ஆராய்ந்து டௌட் என்னும் பெல்ஜிய நாட்டவரும் அவர் கூட்டத்தாரும் 2009-ல் வெளியிட்டனர். 2,300 குழந்தைகளைப் பரிசோதித்த ராவ், ஜோசப் என்னும் இந்திய வைத்தியர்கள் 1992-ல் வெளியிட்ட கணக்கில், காலணி அணிந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதவர்களில் நூற்றுக்கு 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. இதிலிருந்து காலணி கூடாதென்று முடிவு செய்துவிடக் கூடாது. கூர்முனையுள்ள நகரத்துப் பூட்ஸை மலையாளின் அகன்ற பாதத்தில் திணிக்கக் கூடாதென்பதே அறியத்தக்கது. நம்பரைச் சொல்லி மொத்தமாக வாங்கிவரும் வழக்கம் இதனாலேயே பயன்படுவதில்லை. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒவ்வொருவரையும் காகிதத்தின்மேல் நிறுத்தி இரு கால்களையும் கோடிட்டு எடுத்து, அக்காகிதத்தைக் கடையில் காலணியின் அடியோடு பொருத்திப் பார்ப்பது எளிது. முன்விரலுக்கு முன்னே அரைவிரல் இடம் இருக்க வேண்டும். புதிதாக அணிவோர் முதல் வாரத்தில் அரை நாள் மட்டும் அணிந்து பழகுதல் நலம்.

அடியில் ஆழ்ந்த பற்கள் வேண்டும். நெருங்கிய சிறு பற்களில் களிமண் அப்பி, அடி வழவழவென்றாகிவிடும். நாக்குத் துணி இருபுறமும் மேலுறையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் கயிற்றுத் துளைகளுக்கிடையே அட்டை புகுவது அவ்வழியாகவே. நீர் வெளியேறும் துவாரத்தின் வழியும் அட்டை வரக்கூடுமாதலால், உள்ளே அட்டை உறை அணிவது இன்றியமையாதது. நெருங்கிய நெசவுள்ள வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியில், முழங்காலுக்குக் கீழ் நாடாவால் கட்டும்படி, ஊர்த் தையற்காரரே இதைத் தைத்துக் கொடுப்பார். வெளிர் நிறத்தில் ஏறும் அட்டை உடனே கண்ணுக்குத் தெரியும்.

மருந்து தெளிக்கும் நாளுக்கு மாத்திரம் மேற்சொன்னவை ஒன்றும் பொருந்தா. ஏலத்தில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கடி மருந்தடிப்பதால், அன்று கனத்தைப் பாராமல் முழு ரப்பர் பூட்ஸே அணிய வேண்டும்; கால்சட்டையின் முனையை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும். செருகினால் வழியும் மருந்து காலடியில் தேங்கும். 1971-ஆம் ஆண்டுப் பூச்சி மருந்து விதிகள் மருந்தைக் கையாளுவோருக்குரிய காப்பு உடைகளில் பூட்ஸையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவோ, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைச்சட்டை என்று வரிசைப்படுத்தி, அவை போன்ற மற்றவையும் என்று முடித்துவிட்டது. தலையும் முதுகும் நினைவுக்கு வந்த இடத்தில் காலின் பெயர் வரவில்லை. அச்சட்டம் 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பெற்றது.

கிராம உத்தியோகஸ்தர்கள் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. இன்னின்ன தெருவில் இன்னின்னார் செருப்பணிந்து நடக்கக் கூடாதென்னும் வழக்கம் தென் ஜில்லாக்களிற் பல ஊர்களில் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் பலர். மலை வேலைக்குப் போகிறவர்களிற் கணிசமானோர் அம்மக்களே. பொது இடத்தில் ஒருவர் காலணி அணிவதைச் சாதியின் பெயரால் தடுப்பது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்ட திருத்தப்படி வெளிப்படையாகக் கூறப்பட்ட குற்றம். ஜீப்பு நிற்கும் இடத்துக்கு வரும் வழியில் யாரேனும் காலணியைக் கழற்ற வேண்டியிருக்குமாயின், தோட்டக்காரர் அதை வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

செலவைப் பற்றிய ஆட்சேபம் ஒன்றே எஞ்சியது. ஆளொன்றுக்கு இரண்டு சோடி கொடுப்பது முதலில் மிகுதியாகத் தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் கான்வாஸ் ஓர் இரவில் முழுதும் உலர்வதில்லை. ஈரத்தோடு நாள்தோறும் அணிந்தால் தையலும் விடும், விரலிடுக்கும் வெந்து போகும். ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றி அணியும் இரண்டு சோடி, ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிய இரண்டைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும். மாலையில் சேற்றைக் கழுவி, உள்ளுறையை வெளியே எடுத்து, பழைய காகிதத்தை உள்ளே திணித்து, காற்றோட்டத்திற் கவிழ்த்து வைக்க வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு இருக்கிறதே என்று அதனுள்ளே கொண்டுபோய் வைப்பது தவறு. அச்சூட்டில் அடியை ஒட்டிய பசை இளகிவிடும். அன்றியும் காய் அவ்வாடையைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டோருக்கு வெளியே, புகைபோக்கி இருக்கும் சுவரை ஒட்டிக் கூரை நிழலில் ஒரு மூங்கிற் கழியைக் கட்டினால் போதுமானது.