பகைவனுக்குச் சோறு போடாத நெல்

நெல் இலையின் ஓரம் மஞ்சளாகி, அலையலையாய் நுனியிலிருந்து கீழிறங்கி, வைக்கோல் நிறத்தில் காய்கிறதா? அந்த இலையை வெட்டி, வெட்டுவாயைத் தெளிந்த நீரில் அமிழ்த்திப் பாருங்கள். சற்று நேரத்தில் பால்போன்ற கலங்கல் நூலாக இறங்கினால், அது பாக்டீரியா இலைக்கருகல் நோய். அந்தக் கலங்கல் முழுவதும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியாக்கள்.

நம் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் கிருமியைத் தேடிப் போகின்றன. செடிக்கு அப்படி ஓடித் திரியும் காவல் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உதவுபவை அதன் புரதங்கள்.

மாலி நாட்டுக் காட்டுநெல்லிலிருந்து கிடைத்தது எக்ஸ்ஏ21 என்ற காவல் புரதம். இதன் மரபணுவை 1995இல் பமீலா ரொனால்ட் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். இந்தப் புரதம் செல்சவ்வை ஊடுருவி நிற்கிறது. பாக்டீரியா சுரக்கும் ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதம் அதன் வெளிமுனையில் பட்டதும் உள்முனை விழித்துக்கொண்டு, பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய புரதத்தின் போக்கே மாறிவிடும். இப்படிச் செய்தி கைமாறி உட்கருவை எட்ட, தற்காப்பு மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

ஆனால் என்னை அதிகம் வியக்கவைப்பது எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு. சாதாரண நெல்லில், பாக்டீரியா தன் புரதம் ஒன்றை ஊசி போட்டதுபோல் செல்லுக்குள் செலுத்துகிறது. அது உட்கருவுக்குள் நுழைந்து, சர்க்கரையை வெளியே கடத்தும் ஸ்வீட்11 என்ற புரதத்தை ஏராளமாகச் செய்யவைக்கிறது. ஆக, செல்லே பகைவனுக்குச் சோறு போடுகிறது! எக்ஸ்ஏ13 உள்ள நெல்லில் ஸ்வீட்11 மரபணுவின் முகப்பு மாறியிருப்பதால், வந்த புரதத்துக்கு ஒட்ட இடமில்லை. சண்டையே கிடையாது. சோறு கிடைக்காத பாக்டீரியா பெருக முடிவதில்லை.

நம் ஊர்களில் ஆந்திரா பொன்னி என்று வாங்கும் அரிசி சம்பா மசூரி எனப்படும் பி.பி.டி. 5204 ரகம், இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவது. ஐதராபாத் விஞ்ஞானிகள் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, இன்னொரு எதிர்ப்பு மரபணுவான எக்ஸ்ஏ5 ஆகிய மூன்றையும் ஒட்டுச்சேர்க்கை வழியாகவே அதில் சேர்த்து, 2008இல் மேம்படுத்திய சம்பா மசூரியாக வெளியிட்டார்கள். ஒரு காவலை பாக்டீரியா ஏமாற்றினாலும் மற்ற இரண்டும் நிற்கும்.

எந்த ரகமானாலும், இந்நோய் தலைகாட்டும் வயலில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள். அந்தக் காயம் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல்.