கெடு தேதி மாறியது, மென்பொருள் மாறவில்லை

2021 ஜூலை முடிந்ததும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யப் போன சிலருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அந்த ஆண்டு கெடுவை செப்டம்பர் 30 வரை நீட்டித்து, மே 20ஆம் தேதியே மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருந்தது. ஆனாலும் புதிய இணையதளம் தாமதக் கட்டணம் கேட்டது. அதைப் பொறுத்தவரை ஜூலை 31தான் கடைசி நாள். ஆகஸ்ட் 11 அன்று வருமான வரித் துறை விளக்கம் தந்தது: மென்பொருளை ஆகஸ்ட் 1 அன்றே திருத்திவிட்டோம், கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வரும்.

தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் திராட்சை விளைவிப்பவரின் விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அந்தப் பழத்தை வாங்கி வெளியூர் அனுப்பும் வியாபாரிக்கும், லாரி உரிமையாளருக்கும், உரக்கடைக்காரருக்கும் அந்தச் சலுகை இல்லை. கடன் கேட்டு வங்கிப் படியேறினால் ‘ஐ.டி. ரிட்டர்ன் இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே டெல்லியில் ஒரு மென்பொருளை எந்த முறையில் செய்யச் சொல்கிறார்கள் என்பது இந்த ஊர்க் கடைவீதிக்கும் சம்பந்தமுள்ள விஷயம்.

அந்த முறையின் பெயர் வாட்டர்ஃபால், தமிழில் அருவி முறை. என்னென்ன வேண்டும் என்று கேட்டு முழுவதையும் எழுதி முடிப்பது முதல் படி. அதன்பின் வடிவமைப்பு, பிறகு கோடிங், அதற்கப்புறம் டெஸ்டிங், கடைசியில் ஒப்படைப்பு. ஒரு படியில் கையெழுத்தாகிவிட்டால் அடுத்த படிதான். கீழே விழுந்த தண்ணீர் மேலே ஏறாது என்பதுபோல, முந்தைய படிக்குத் திரும்புவதற்கு இதில் வழி வைப்பதில்லை.

திராட்சைத் தோட்டத்தில் பந்தல் போடுவது இப்படிப்பட்ட வேலைதான். கல்தூண் நடும்போதே இடைவெளியும் உயரமும் முடிவாகிவிட வேண்டும். கம்பி இழுத்துக் கொடி படர்ந்த பிறகு தூணை நகர்த்த முடியாது. கவாத்து அப்படியல்ல. போன காய்ப்பு எப்படி இருந்தது என்று பார்த்து, இந்த முறை எத்தனை கண் விட்டு வெட்டுவது என்று முடிவெடுக்கலாம். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பலன் தெரிந்துவிடும். பெரும்பாலான மென்பொருள் கவாத்து வகை வேலை. அதைப் பந்தல் போடுவதுபோல் செய்யச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த எச்சரிக்கை ஐம்பது ஆண்டுக்கும் முந்தியது. அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தில் விண்கல மென்பொருள் பணியில் இருந்தவர் வின்ஸ்டன் ராய்ஸ். 1970 ஆகஸ்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் படிப்படியாக இறங்கும் அந்தப் படம் இருக்கிறது. அதே கட்டுரையில், இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். சோதனை கடைசியில் வருவதால் உண்மையான கோளாறும் கடைசியில்தான் தெரியவரும் என்பது அவர் சொன்ன காரணம். முதலில் சிறிய அளவில் ஒருமுறை செய்துபாருங்கள், வாடிக்கையாளரை இடையிடையே உட்காரவையுங்கள் என்று பரிகாரமும் சொன்னார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டது, பரிகாரத்தை விட்டுவிட்டது. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கிட்டத்தட்ட அந்தப் படிவரிசையையே தர விதியாக்கியது. 1994இல் வேறு விதிக்கு மாறிக்கொண்டது.

நம் வரித் தளத்துக்கு வருவோம். 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு ரூ.4,241.97 கோடி ஒதுக்க ஒப்புதல் தந்தது. கணக்கைப் பரிசீலிக்க ஆகும் 63 நாளை ஒரே நாளாகக் குறைப்பது நோக்கம். திறந்த டெண்டரில் குறைந்த விலை கேட்ட இன்ஃபோசிஸுக்கு வேலை போனது. நிறுவனத்துக்குள் குழுக்கள் எந்த முறையில் உழைத்தன என்பது இங்கே கேள்வியல்ல. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, விலை பேசி, ஒரே நாளில் நாடு முழுவதற்கும் திறப்பது என்ற ஏற்பாடே அருவியின் போக்குத்தான்.

2021 ஜூன் 1 முதல் 6 வரை பழைய தளத்தை மூடினார்கள். 7ஆம் தேதி புதியது திறந்தது. அன்றே புகார்களும் கிளம்பின. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தேவைப்பட்ட 15சிஏ, 15சிபி படிவங்களை வங்கியில் காகிதத்தில் கொடுக்கலாம் என்று அரசே அனுமதிக்க நேர்ந்தது. தளத்தின் கோளாறுகள் பற்றி ஜூன் 22 அன்று நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்கு முன் வந்த மின்னஞ்சல்கள் 700க்கு மேல். அவற்றில் 2,000க்கு மேற்பட்ட புகார்கள். ஒன்றையே பலர் சொன்னதைக் கழித்தால் 90 கோளாறுகள். இந்த எண்ணிக்கைதான் எனக்கு வருத்தம் தருகிறது. தொண்ணூறையும் கண்டுபிடிக்க நாடே தவித்திருக்க வேண்டாம். ஒரு மாவட்டத்து ஆடிட்டர்களை இரண்டு மாதம் முன்னதாகப் பழகவிட்டிருந்தால், பெரும்பகுதி அங்கேயே பிடிபட்டிருக்கும்.

ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளம் முடங்கியது. 23ஆம் தேதி இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நேரில் அழைத்து, செப்டம்பர் 15க்குள் சரிசெய்யச் சொன்னார். 750க்கு மேற்பட்டோர் அந்த வேலையில் இருந்ததாக நிறுவனம் தெரிவித்தது. கணக்குத் தாக்கல் கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. அதற்குள் தளமும் தேறிவிட்டது. அந்த ஆண்டு ஏறக்குறைய 5.89 கோடிக் கணக்குகள் தாக்கலாகின, கடைசி ஒரே நாளில் மட்டும் 46 லட்சம்.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு நாட்டிலேயே உதாரணம் உண்டு. பாஸ்போர்ட் சேவைத் திட்டத்தை டி.சி.எஸ். எடுத்துச் செய்தபோது, 2010இல் கர்நாடகத்திலும் சண்டிகர் வட்டாரத்திலுமாக ஏழு மையங்களை மட்டும் திறந்தார்கள். அங்கே வெள்ளோட்டம் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் மற்ற ஊர்களுக்கு விரித்தார்கள்.

அதற்காக அருவி முறையை அடியோடு ஒதுக்கவும் கூடாது. ராக்கெட்டில் ஏற்றும் மென்பொருளை அது மேலே போன பிறகு பழகிப் பார்த்துக்கொள்ள முடியாது. அங்கே எழுத்தும் ஒழுங்கும் கறாராக இருந்தாக வேண்டும். 2001இல் 17 பேர் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடி அறிவித்த அஜைல் வழி, சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து காட்டச் சொல்கிறது. அதையே சாக்காக வைத்து எதையும் எழுதிவைக்காமல் ஓட்டுகிறவர்களும் உண்டு.

அரசு டெண்டரில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும். புதிய தளம் ஒரு மாவட்டத்தில் வெள்ளோட்டம் முடிக்கும்வரை பழையதை மூடக் கூடாது. இடையில் விதி மாறினால் மென்பொருளைத் திருத்த ஆளும் பணமும் ஒப்பந்தத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். அந்த வெள்ளோட்டத்துக்குத் தேனி மாவட்டத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஓடைப்பட்டி வியாபாரியும் சின்னமனூரில் அவருக்குக் கணக்கு எழுதுபவரும் உட்கார்ந்து பார்த்தால், கெடு தேதி தப்பாக இருப்பதை அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்.