எண் மாறாது, கம்பெனி மாறலாம்

நம் செல்போன் எண் பேங்கில் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைக்கும் அதுதான் தெரியும்.

வீட்டில் டவர் எடுக்கவில்லையா? புது எண் வாங்க வேண்டாம். அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறலாம். 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இந்த உரிமை உண்டு.

எப்படி மாறுவது?

1. மெசேஜில் ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். இடம் விட்டு உங்கள் 10 இலக்க எண்ணை எழுதுங்கள். 1900-க்கு அனுப்புங்கள்.

2. எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். நோட்டில் எழுதி வையுங்கள்.

3. அடையாள அட்டையோடு 4 நாட்களுக்குள் புதுக் கம்பெனியின் கடைக்குப் போங்கள். குறியீட்டைக் கொடுத்து, புது சிம் வாங்குங்கள்.

4. 3 முதல் 5 வேலை நாட்களில் எண் மாறிவிடும். பழைய சிம் நின்றதும் புது சிம்மைப் போடுங்கள்.

கவனியுங்கள்!

பழைய கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பில் பாக்கி இருக்கக் கூடாது. மீதி பேலன்ஸ் கூட வராது.

போனில் யார் கேட்டாலும் குறியீட்டைச் சொல்லாதீர்கள். அதை வைத்து உங்கள் எண்ணையே பிறர் எடுத்துக்கொள்ளலாம். பிறகு பேங்கில் இருந்து வரும் ரகசிய எண்ணும் அவருக்கே போகும். உங்கள் பணமும் போகும்.

உங்கள் தெருவில் எந்தக் கம்பெனிக்கு டவர் நன்றாக எடுக்கிறது? பக்கத்து வீட்டில் கேளுங்கள். பிறகு மாறுங்கள்.